ஒரே ராத்திரியில் 1,400 எரிதப் (ஸ்பாம்) பின்னூட்டம், எப்படி நிறுத்துவது?

மீனாட்சிபுரத்தான்:
அவசரம்ங்க. நேத்து ராத்திரியிலிருந்து என் தளத்துல பின்னூட்டமா வந்து குவியுது. காலையில பார்த்தா 1,400. எல்லாம் சூதாட்டம், கடன், மாத்திரை. அழிக்க அழிக்க வருது. 40 ஐபி முகவரியைத் தடை பண்ணியும் நிக்கலை. என்ன பண்றது?

கொல்லங்கோடு வாசகி:
பிளாக்கரா, வேர்டுபிரஸ்ஸா? வேர்டுபிரஸ்னா சொந்த ஹோஸ்டிங்கா? வந்ததெல்லாம் வெளிய தெரியுதா, நிலுவையில நிக்குதா? எல்லாப் பதிவுக்கும் வருதா, சிலதுக்கு மட்டுமா?

புளியரை:
கேப்சா (மனுஷர்தானான்னு சோதிக்கற புதிர்) போடுங்க. வேற வழியே இல்லை.

பழைய மட்டுறுத்துநர்:
எதில் நடத்துகிறீர்கள், என்னென்ன செருகுநிரல் (ப்ளகின்) இருக்கிறது என்று எழுதாமல் கேட்டால் யாரால் சொல்ல முடியும்? இதை எத்தனை முறை சொல்வது? ஐபி தடை புதிதாக வருகிறவர்கள் செய்யும் வேலை. எரிதம் அனுப்புகிறவன் நிமிடத்துக்கு ஒரு ஐபி மாற்றுவான். மொபைல் நெட்டில் ஒரே ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் தடுத்த 40-இல் உங்கள் வாசகர்களும் மாட்டியிருக்கலாம். முதலில் அதை எடுங்கள்.

மீனாட்சிபுரத்தான்:
மன்னிக்கணும். வேர்டுபிரஸ், சொந்த ஹோஸ்டிங். எல்லாம் நிலுவைல. ஆழியாத்துத் தண்ணி பத்தின பழைய பதிவு மூணுக்குத்தான் அதிகம்.

கொல்லங்கோடு வாசகி:
நிலுவையில நிக்குதுன்னா பாதி பொழைச்சீங்க. தேடுபொறியில ஏறி நிக்கற பழைய பக்கத்துல சுட்டி (லிங்க்) வைக்கத்தான் இவங்க வர்றாங்க. செட்டிங்ஸ்ல டிஸ்கஷன் பக்கம் போங்க. பழைய பதிவுகளோட பின்னூட்டத்தைத் தானா மூடற பெட்டியை டிக் பண்ணுங்க. 14 நாள்னு இருக்கும், 60 போதும். எத்தனை சுட்டி இருந்தா நிறுத்தி வைக்கணுங்கற இடத்துல 2 இருக்கும், 1 ஆக்குங்க. பிங்பேக், டிராக்பேக் (வேற தளம் உங்க பதிவுக்குச் சுட்டி கொடுத்தா வர்ற அறிவிப்பு) டிக்கை எடுங்க. பலர் கோட்டை விடறது இங்கதான்: அது புதுப் பதிவுகளுக்கு மட்டும்தான். பழசுக்கு, பதிவுப் பட்டியல்ல எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து மொத்தமாத் திருத்தி பிங்கை நிறுத்தணும். ஒரு பக்கத்துக்கு 20 பதிவுதான் காட்டும். மேல ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸ்ல 200 ஆக்கிட்டுச் செய்யுங்க.

புளியரை:
கேப்சா போட்டா இதெல்லாம் எதுக்கு?

கொல்லங்கோடு வாசகி:
அண்ணா, பாட் (எரிதத்தைத் தானா அனுப்பற நிரல்) உங்க பக்கத்தையே திறக்கறதில்லை. பின்னூட்டம் வாங்கற பிஹெச்பி கோப்புக்கு நேரா அனுப்புது. சர்வர்ல சரிபார்க்காத கேப்சா வாசகருக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். அதைவிடத் தேன்பொறி நல்லது. மனுஷர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருக்கும், பாட் அதை நிரப்பி மாட்டிக்கும். ஆன்டிஸ்பாம் பீங்கற செருகுநிரல் இலவசமாவே இதைச் செய்யும். அகிஸ்மெட்ங்கற எரிதத் தடுப்பும் வைக்கலாம். தனிநபர் தளத்துக்குக் காசில்லை, விளம்பரம் போட்டா வணிகக் கணக்கு எடுக்கணும். பீயை நிறுவின உடனே கேச்சை (சேமிச்சு வச்ச பழைய பக்க நகலை) காலி பண்ணுங்க. பழைய படிவம் கேச்ல கிடந்தா நல்ல வாசகர் எழுதினதும் எரிதத்துல விழும்.

வேலந்தாவளம்:
இத்தனை எதுக்கு? தமிழெழுத்து இல்லாத பின்னூட்டத்தைத் தள்ளிவிட 10 வரி கோடு போதும்.

கொல்லங்கோடு வாசகி:
போதாதுங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல வீட்டுல தமிழ் பேசி, மலையாள மீடியத்துல படிச்சவங்க இருக்காங்க. தமிழையே மலையாள எழுத்துலதான் எழுதுவாங்க. அவங்களை எங்க அனுப்பறது?

வேலந்தாவளம்:
தமிழ்த் தளத்துக்கு வந்தா தமிழ்ல எழுதக் கத்துக்கட்டும். நாம எழுதலைன்னா இந்தப் பக்கம் தமிழெழுத்து யார் வளர்ப்பாங்க?

கொல்லங்கோடு வாசகி:
கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு சொல்ல வர்றவருக்கு எழுத்துப் பரீட்சை வைக்கறது நியாயமில்லைங்க. எழுத்தை வளர்க்க வேற இடம் இருக்கு.

பழைய மட்டுறுத்துநர்:
இருவரும் தலைப்புக்கு வாருங்கள். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழும் மலையாளமும் தனித்தனி 128 இடத் தொகுதிகள். இரண்டும் இல்லாததைக் குப்பைக்கு அனுப்பாமல் நிலுவையில் நிறுத்தினால் போதும், தங்கிலீஷில் எழுதுகிறவரும் தப்பிப்பார். வேர்டுபிரஸ்ஸில் உள்ள தடைச்சொல் பட்டியலில் (எந்தச் சொல் வந்தால் தடுக்க வேண்டும் என்று கொடுப்பது) கவனம். அது சொல்லுக்குள் இருந்தாலும் பிடிக்கும், பிடித்தது குப்பைக்குப் போய் 30 நாளில் அழிந்துவிடும். ‘கடன்’ என்று போட்டால் புள்ளி போன ‘கடனை’ தப்பிவிடும். புள்ளியில்லாமல் ‘கடன’ என்று போட்டால் இரண்டும் சிக்கும். ஆனால் கடன் தள்ளுபடி பற்றி எழுதும் விவசாயியும் சேர்ந்து சிக்குவார். உங்கள் தளத்துக்கு அந்தச் சொல் வேண்டாம்.

மீனாட்சிபுரத்தான்:
சரிங்க. கிடக்கற 1,400-ஐ எப்படி அழிக்கறது? மொத்தமா அழிச்சா சர்வர் தொங்குது.

கொல்லங்கோடு வாசகி:
பின்னூட்டப் பக்கத்துலயும் 200 வச்சு ஏழு தடவையா அழியுங்க. டேட்டாபேஸ்ல நேரா அழிக்காதீங்க. அங்க நிலுவைன்னா 0-ன்னுதான் இருக்கும், நல்லதும் சேர்ந்து போயிடும். அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஓட்டிப் பாருங்க.

வேலந்தாவளம்:
மலையாளத் தொகுதியையும் சேர்த்து அந்தக் கோடை நாளைக்கு எழுதித் தரேன். நிலுவைக்குத்தான் அனுப்பும்.

மீனாட்சிபுரத்தான்:
பீ போட்டு, கேச் காலி பண்ணி, ஐபி தடை எல்லாம் எடுத்தாச்சு. ராத்திரி மூணுதான் வந்துச்சு. அழிக்கும்போது நிலுவைல ரெண்டு நல்ல பின்னூட்டம் கிடைச்சுது, ஒண்ணு மலையாள எழுத்துல. ரெண்டையும் வெளியிட்டாச்சு. நன்றிங்க.