பூங்கா கட்டப் பணம் இருக்கிறது, மோட்டாரைப் பழுது பார்க்க ஏன் இல்லை?

கேள்வி: மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் நடுவே கருவேல முள்ளும் குப்பையுமாகக் கிடந்த நகராட்சி மனையில் சில ஆண்டுகளுக்கு முன் அழகான பூங்கா ஒன்றை அமைத்தார்கள். இன்று ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்குகிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகி இரண்டு கோடைகள் கடந்துவிட்டதால் புல்தரை முழுவதும் கருகிவிட்டது. எட்டு விளக்குகளில் இரண்டே எரிகின்றன. மனு கொடுக்கும்போதெல்லாம் நிதி வந்ததும் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கட்டுவதற்கு லட்சக்கணக்கில் கிடைத்த நிதி, ஒரு மோட்டாருக்கு ஏன் கிடைப்பதில்லை? என் தாயார் மாலையில் அச்சமின்றி நடந்துவந்த ஒரே இடம் அது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய மராமத்து

நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் பணம் வெவ்வேறு பைகளிலிருந்து வருகிறது. பூங்காக்களும் தெருவிளக்குகளும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகச் சொல்லப்பட்டவை. ஆனால் புதிதாகக் கட்டும் பணம் பெரும்பாலும் மேலிருந்து திட்ட நிதியாக இறங்குகிறது. மோட்டாரும் தோட்டக்காரரின் கூலியும் மின்கட்டணமும் நகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து போக வேண்டும்.

நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீட்டில் 2.5 விழுக்காடு வரை பசுமைவெளிகளுக்குச் செலவிடலாம் என்று அதன் நெறிமுறை இடமளித்தது. திட்ட அறிக்கையில் குறைந்தது 5 ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் காட்ட வேண்டும் என்று சொன்ன அதே நெறிமுறை, அந்தச் செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்கக் கூடாது, உள்ளாட்சியே வருவாய் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. வருவாயின் முதுகெலும்பான சொத்து வரியோ, சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2008க்குப் பிறகு 2022இல்தான் நிலையாகத் திருத்தப்பட்டது. இடையில் 2018இல் உயர்த்தியதை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்தார்கள். சம்பளம், ஓய்வூதியம், குடிநீர், குப்பை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பூங்காவின் முறை வரும். அந்த வரிசையில் ஊஞ்சல் எப்போதும் கடைசிதான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். கட்டி முடித்தபின் குறிப்பிட்ட காலம் வரை வரும் பழுதுகளை ஒப்பந்ததாரரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். அதற்காகப் பிடித்துவைத்த வைப்புத்தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டறியுங்கள்.

மறுமொழி: தெம்பனிஸ்வாசி

சிங்கப்பூரில் அடுக்குமாடிப் பேட்டை ஒன்றில் வசிக்கிறேன். இங்கே பெரிய பூங்காக்களையும் சாலையோர மரங்களையும் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. பேட்டைக்குள் இருக்கும் விளையாட்டுத் திடல், மின்தூக்கி, நடைபாதைக் கூரை ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இம்மன்றங்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சேவைக் கட்டணம் செலுத்துகிறது. அதில் 26 விழுக்காட்டை எதிர்காலப் பெரும் பழுதுகளுக்கென்றும் 14 விழுக்காட்டை மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்றும் குறைந்தபட்சமாகத் தனியே எடுத்துவைத்தாக வேண்டும். சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூசவும் கூரையைச் சீரமைக்கவும் தேவைப்படும் பணம், பழுது வருவதற்கு முன்பே சேர்ந்துகொண்டிருக்கிறது. பராமரிப்பும் நிதிநிர்வாகமும் எப்படியிருந்தன என்று பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்து அரசு வெளியிடுவதால், எந்த மன்றம் பின்தங்கியது என்பதும் மறைவதில்லை.

உங்கள் நகரத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்று அறிவேன். இங்கு மக்கள் நெருக்கமும் வருவாயும் வேறு. இருந்தாலும் மோட்டாரின் ஆயுள் முடியும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுப் பணம் ஒதுக்கும் பழக்கத்துக்குப் பெரிய செல்வம் தேவையில்லை.

மறுமொழி: மூன்றாம் குறுக்குத் தெரு

எங்கள் பகுதியில் குடியிருப்போர் சங்கமே பூங்காவைத் தத்தெடுத்தது. தண்ணீரும் வெளிச்சமும் உடனே வந்துவிட்டன. ஆனால் ஓராண்டுக்குள் பகல் முழுவதும் கதவைப் பூட்டினார்கள். அருகிலுள்ள குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லாமல் போனது. தத்தெடுப்பதாக இருந்தால், கதவு திறந்திருக்கும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் விட்டோமே என்ற வேதனை எனக்கு இன்னும் இருக்கிறது.

மாலைநடை

மூவருக்கும் நன்றி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒப்பந்த நகல், வைப்புத்தொகையின் நிலை, நடப்பாண்டில் பூங்காக்களுக்கு ஒதுக்கிய தொகை ஆகிய மூன்றையும் கேட்டு இந்த வாரமே மனு அனுப்புகிறேன். வார்டு மக்கள் தங்கள் பகுதியின் தேவைகளை நேரில் முன்வைக்கும் கூட்டமாக 2022 நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூட்டப்பட்ட பகுதி சபை எங்கள் வார்டில் அடுத்து எப்போது கூடும் என்று கவுன்சிலரிடமும் விசாரித்திருக்கிறேன். மோட்டாருக்கான கோரிக்கையோடு, ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைப் பழுதுகளுக்கென்று ஒதுக்கும் தீர்மானத்தையும் அங்கே முன்வைக்க விரும்புகிறேன். அத்தகைய தீர்மானத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று பழைய மராமத்து ஐயா எழுதித் தந்தால் பேருதவியாக இருக்கும்.