டைவர்சிட்டி ஹெட் பதவி தருகிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா?

நீலவானம்:
பதினோரு வருஷமாக எச்.ஆரில் இருக்கிறேன், பெரும்பாலும் ஆள் எடுக்கும் வேலை. போன வாரம் மேலே கூப்பிட்டு, "டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன் ஹெட் என்று புதிதாக ஒரு பதவி போடுகிறோம், நீங்கள்தான் சரியான ஆள்" என்றார்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று பலதரப்பட்டவர்களுக்கும் வேலையில் சம வாய்ப்பு கிடைக்கப் பார்க்கிற பதவியாம். சம்பளம் கூடும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர் தினமும் என்ன செய்வார் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, "விழிப்புணர்வு" என்ற சொல் மட்டும் நாலு தடவை வந்தது. எனக்குக் கீழே டீம் எதுவும் கிடையாது. மகளிர் தினத்துக்குப் போட்டோ எடுத்து மாட்டுகிற வேலையாகிவிடுமோ என்று பயம். இந்தப் பதவியில் இருந்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது மாடி:
நான் மூன்று வருஷம் இருந்தேன். இரண்டே விஷயம் கேளுங்கள்: யாருக்குக் கீழே வேலை? சம்பளம், புரமோஷன், ராஜினாமா விவரமெல்லாம் கைக்கு வருமா? இரண்டாவது கிடைக்காவிட்டால் போட்டோ வேலைதான்.

எங்கள் இடத்தில் சேரும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகத்தான் சேர்ந்தார்கள். எல்லாரும் "மேல் பதவியில் பெண்கள் இல்லை" என்றே புலம்பிக்கொண்டிருக்க, கணக்கை எடுத்துப் பார்த்தால் ஓட்டை முதல் படியிலேயே, டீம் லீட் ஆகிற இடத்திலேயே இருந்தது. அந்தப் பதவிக்கு அறிவிப்பே வராது, மேனேஜர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அவர்தான். காலியிடத்தை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும், நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று மாற்றினோம். இதற்கே ஒன்றரை வருஷம் சண்டை. நான் நடத்திய டிரெயினிங் வகுப்புகள் எதுவும் இந்த அளவுக்கு எதையும் மாற்றவில்லை.

இது என் அனுபவம் மட்டுமில்லை. காலெவ், டாபின், கெல்லி என்ற மூன்று சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 708 தனியார் பணியிடங்களின் 1971 முதல் 2002 வரையான விவரங்களை அலசி 2006-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். மேனேஜர்களின் மனச்சாய்வைத் திருத்தப் போட்ட வகுப்புகளால் பலன் மிகக் குறைவு. இதற்கென்று ஓர் ஆளையோ கமிட்டியையோ பொறுப்பாக்கிய இடங்களில்தான் மேனேஜர் பதவிகளில் நல்ல மாற்றம், அப்படிப்பட்ட இடங்களில் வகுப்புகளும்கூடக் கொஞ்சம் வேலை செய்தன. அதனால் பதவி வீண் இல்லை, அதிகாரம் இல்லாத பதவிதான் வீண்.

கடைசி பெஞ்ச்:
எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, கோபப்படாதீர்கள். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்காவில் போட்டி போட்டுக்கொண்டு இந்தப் பதவியைத் திறந்தார்கள், இரண்டு மூன்று வருஷத்தில் ஆட்குறைப்பு வந்தபோது அதே வேகத்தில் மூடவும் செய்தார்கள். 2025 ஜனவரியில் அரசு அலுவலகங்களிலேயே இந்தப் பிரிவுகளை மூடச்சொல்லி ட்ரம்ப் உத்தரவு போட்டார். காற்றடிக்கிற பக்கம் சாய்கிற நாற்காலி அது. இன்னொன்று, எனக்குப் புரமோஷன் வந்தபோது "கோட்டாவில் வந்தவள்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்தப் பேச்சையும் நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும் நீலவானம்.

மூன்றாவது மாடி:
நாற்காலி ஆடும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் என்னைவிட அந்த அறிவிப்பு முறை நிலைக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் போய்விட்டேன், முறை இன்னும் இருக்கிறது. கோட்டா பேச்சு பற்றி: சிகாகோவிலும் பாஸ்டனிலும் ஒரே தரமுள்ள பயோடேட்டாக்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள், 2004-ல் வெளியான ஆய்வு. கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிட வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அந்த 50 சதவீதத்தை யாராவது கோட்டா என்று சொல்கிறார்களா?

வாசல்படி:
எனக்குக் காது கேட்காது. இரண்டு வருஷம் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால், பேசுவதை எழுத்தில் காட்டும் கேப்ஷன் போடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. என் மேனேஜர் கெட்டவர் இல்லை, செலவு அவருடைய டீம் பட்ஜெட்டிலிருந்து போனது, அதுதான் சிக்கல். புதிதாக வந்த ஹெட் செய்தது ஒன்றே ஒன்று, அந்தச் செலவை நிறுவனத்தின் பொது பட்ஜெட்டுக்கு மாற்றினார். மறு மாதமே கெஞ்சல் நின்றது. அவர் மேடையில் ஏறிப் பேசி நான் பார்த்ததே இல்லை. அக்கா, உங்கள் கையில் பட்ஜெட் உண்டா, அதையும் கேளுங்கள்.

நீலவானம்:
எல்லாருக்கும் நன்றி. கேட்டேன். மக்கள் தொடர்புத் துறைக்குக் கீழேயாம்! சம்பள விவரம் "ரகசியம்", பட்ஜெட் "அப்புறம் பார்க்கலாம்". வேண்டாம் என்று சொல்லவில்லை. சி.இ.ஓ.வுக்கு நேர் கீழே, விவரம் பார்க்க அனுமதி, புரமோஷன் கமிட்டியில் ஓர் இடம், தனி பட்ஜெட், இவ்வளவையும் எழுத்தில் கொடுத்தால் வருகிறேன் என்று மெயில் போட்டிருக்கிறேன். நாலு நாளாகிறது, இன்னும் பதில் வரவில்லை.