கிட்டத்தில் போய்ப் பார்த்த கதை

பிரபலங்களை நேரில் பார்த்த அனுபவத்தை மூன்று பேர் ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறார்கள்.

பிரபலங்களை நேரில் பார்த்த அனுபவம் என்றால் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள் கொஞ்சம் அலட்டிக்கொள்வோம். சின்னக் கோடம்பாக்கம் என்று பேர் வாங்கிய ஊர் அல்லவா. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல் வயல், தென்னந்தோப்பு, ஓட்டு வீடு, பக்கத்தில் கொடிவேரி அணை. கிராமத்துப் படம் எடுக்க வந்தவர்களுக்கு செட் போடும் செலவே மிச்சம். பள்ளி விடுமுறை விட்டால் எங்களுக்கு ரெண்டே பொழுதுபோக்கு. வாய்க்காலில் குதிப்பது, ஷூட்டிங் பார்ப்பது.

ஷூட்டிங் பார்ப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. போய் நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். காலையிலேயே ஜெனரேட்டர் வண்டி உறும ஆரம்பித்துவிடும். வெயில் வரவில்லை என்று காத்திருப்பார்கள், வந்ததும் வெயில் கூடிப்போச்சு என்று காத்திருப்பார்கள். லைட்மேன்கள் வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். ஒருவர் டேப்பை நீட்டி, கேமராவிலிருந்து நடிகர் மூக்கு வரைக்கும் அளப்பார். துணி தைக்க அளவெடுக்கிறார் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபோகஸுக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்புறம் ‘சைலன்ஸ்’ என்று ஒரு கத்தல், அஞ்சு நொடி நடிப்பு, ‘கட்’. திரும்பவும் முதலிலிருந்து.

நான் ஏழாவது படித்தபோது, 1993இல், கொடிவேரியில் ஒரு சோகப் பாட்டு எடுத்தார்கள். நடிகர் பெயர் வேண்டாம், இன்றைக்கும் நடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் கிளிசரின் போட்டுத் தண்ணீர் வடிய நின்றார். பாட்டைப் போட்டார்கள். அது எலிக்குஞ்சு கத்துவது மாதிரி கீச்கீச்சென்று வந்தது. அவரும் அதற்கு ஈடுகொடுத்துக் கிடுகிடுவென்று வாயசைத்தார். எங்களுக்கு அடக்க முடியவில்லை, கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

விஷயம் என்னவென்றால் அது ஸ்லோமோஷன் ஷாட். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். எடுக்கும்போது 48 ஃப்ரேம் எடுத்தால்தான் திரையில் எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கும். வாயசைவும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால், ஷூட்டிங்கில் பாட்டை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு நடிகரும் அதே வேகத்தில் பாட வேண்டும். பாட்டைக் கேட்டவர்கள் உருகிப்போன சோகம் எல்லாம் இப்படி எலிக்குரலுக்கு எடுத்ததுதான்.

உதவி இயக்குநர் ஒருவர் குச்சியோடு எங்களை விரட்ட வந்தார். “ஃபிலிம் என்ன உங்கப்பன் வீட்டுதாடா?” கோபம் நியாயமானதுதான். 400 அடி ரோல் சாதாரண வேகத்திலேயே நாலரை நிமிஷம் தாங்காது, 48இல் ஓட்டினால் அதிலும் பாதி. அதற்குள் நடிகரே, “விடுங்கண்ணே, எனக்கே சிரிப்பு வருது” என்றார். கன்னத்தில் கிளிசரின் கண்ணீர் வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாரே, அந்த முகத்தை எந்தப் படத்திலும் நான் திரும்பப் பார்க்கவில்லை.

படம் வந்தது. தியேட்டரே மூச்சு விடாமல் பார்க்கிறது, பக்கத்து வரிசையில் ஓர் அம்மா மூக்கைச் சிந்துகிறார். நான் மட்டும் கெக்கெக்கென்று சிரித்து அப்புச்சியிடம் தலையில் குட்டு வாங்கினேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. வேறொரு படத்தில் பஞ்சாயத்துக் காட்சிக்கு ஆள் எடுத்தபோது என் அத்தை போய் நாள் பூரா வெயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். படத்தில் வந்தது அவருடைய இடது தோள். டிவியில் அந்தப் படம் போட்டால் வீட்டில் யாரும் நகரக் கூடாது. “இரு கண்ணு, தோளு வர்ற நேரம்” என்பார்.

*

மேலே கோபிக்காரர் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நான் பிறந்தது ராமநாதபுரம் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊர். அங்கே கல்யாண வீட்டு வீடியோவைத் தவிர வேறு கேமரா எட்டிப் பார்த்ததில்லை.

1991இல் எட்டாம் வகுப்புச் சுற்றுலா, மெட்ராஸ். கிளம்பும்போது பெரியம்மா கையில் இருபது ரூபாய் கொடுத்து ஒரே ஒரு வேலை சொன்னார். “எம்ஜியாரு சமாதில காதை வச்சா வாட்ச்சு ஓடுற சத்தம் கேக்குதாம்ல. கேட்டுட்டு வந்து சொல்லுடா.” அவர் இறந்தது 1987 டிசம்பர் 24. நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. கையில் கட்டியபடியே புதைத்ததாகச் சொல்லும் வாட்ச் எப்படி ஓடும், பேட்டரி தீராதா என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

வண்டலூரில் குரங்கு பார்த்தோம். கோல்டன் பீச்சில் சிலை மாதிரி அசையாமல் நிற்கும் மனிதர் முன்னால் அரை மணி நேரம் பல்லிளித்தோம், கோணங்கித்தனம் செய்தோம். மீசைக்காரர் இமைகூட அசைக்கவில்லை. சாயங்காலமாக மெரினா. சமாதியில் பெரிய கூட்டம். கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்துக் கண்ணை மூடுகிறார்கள். என் முறை வந்ததும் நானும் வைத்தேன். கல்லில் பகல் வெயிலின் சூடு இன்னும் இறங்கவில்லை. கடல் இரைச்சல் கேட்டது, சுண்டல் விற்கிறவன் குரல் கேட்டது, என் நெஞ்சு அடித்துக்கொண்டதும் கேட்டது. வாட்ச் கேட்டதா என்றால், பின்னால் நின்றவர் “நகரு தம்பி” என்று இடித்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு வந்ததும் பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“வேகமாவா, மெதுவாவா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “மெதுவா” என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் எனக்கு மட்டும் முட்டை பொரித்தார்.

*

நான் சினிமா ஆள் இல்லை, கச்சேரிப் பைத்தியம். அதிலும் பாதிப் பைத்தியம் சபா கேன்டீனுக்கு. மார்கழியில் லீவு போட்டுவிட்டு மயிலாப்பூரில் அக்கா வீட்டில் டேரா போடுவேன். காலையில் விளக்க உரை, மத்தியானம் வளரும் கலைஞர்கள், சாயங்காலம் பெரிய கச்சேரி, நடுவில் எல்லாம் இலை.

ரசிகர்கள் வெளியே ஒப்புக்கொள்ளாத பழக்கம் ஒன்று உண்டு. பிரதான உருப்படி முடிந்து, தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்துவிடும். அதுவரைக்கும் ஆலாபனைக்குத் தலையாட்டியவர்கள், மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், கையை வைத்ததும் செருப்பைத் தேடுவார்கள். அசிங்கமான பழக்கம்தான். ஆனால் ரவா தோசைக்கு வரிசை குறைவாக இருப்பதும் அந்த இருபது நிமிஷம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தோடி ராகத்தில் பிரதான உருப்படி முடிந்தது, நானும் எழுந்தேன். மறுநாள் காலை அதே கேன்டீன். இடமில்லாமல் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தால், எதிரே வேட்டியும் சாதாரணச் சட்டையுமாக முந்தைய நாள் மிருதங்கம் வாசித்த வித்வான். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளைத்தான் முதலில் பார்த்தேன், காய்த்துப்போய்ப் பளபளவென்று இருந்தன. பெரிய மனிதர். சும்மா இருந்திருக்கலாம்.

“நேத்திக்கு கச்சேரி பிரமாதம் சார். அதிலும் உங்க தனி...” என்று இழுத்தேன்.

“அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்றார். “கடைசில ஏழு ஏழா எண்ணி மிஸ்ர நடை எடுத்துண்டேனே, கூட்டத்துக்குப் பிடிச்சுதா? எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருந்தது.”

“அதுதான் சார் ஹைலைட்டே.”

தலையை ஆட்டிக்கொண்டே ஒரு வாய் இட்லி சாப்பிட்டார். நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

“நேத்திக்கு நான் மிஸ்ர நடை பக்கமே போகலை.”

எனக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. டபராவிலிருந்து டம்ளருக்குக் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார், “காபியாவது சூடா கிடைச்சுதா?”