காலிப்பரில் உரசும் அலாய்: ஸ்பேசர் போட்டு ஓட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஸ்விஃப்ட், ஈரோடு:
என் பழைய ஸ்விஃப்டுக்கு வெளி மார்க்கெட்டில் அலாய் சக்கரம் வாங்கினேன். நாலு ஓட்டை, 100 மி.மீ. பி.சி.டி. (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), எல்லாம் சரி. முன் சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கிக் கையால் சுற்றினால் கர்ர்ரென்று சத்தம். ஸ்போக்கின் பின்பக்கம் காலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) முகத்தில் உரசுகிறது. “அஞ்சு மில்லி ஸ்பேசர் போட்டா சரியாயிடும்ணா” என்று கடைக்காரர் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) சக்கரத்துக்கும் இடையில் அந்தத் தட்டைப் போட்டும் விட்டார். உரசல் போச்சு. ஆனால் நட் இப்போது ஆறு சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது.

ஸ்விஃப்ட் ஸ்டட் (ஹப்பிலேயே பதிந்து நிற்கும் மரையாணி) 12 மி.மீ. விட்டம், மரை 1.25 பிட்ச். அதாவது நட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும், அஞ்சு மில்லி ஸ்பேசர் நாலு சுற்றை அப்படியே விழுங்கிவிடும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட பத்துச் சுற்று வர வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் “எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கேயே கழற்றச் சொல்லி ஸ்டீல் ரிம்மோடு வந்துவிட்டேன். நீளமான ஸ்டட் போட்டவர்கள் யாராவது உண்டா?

போலோ, கோவை:
நல்ல வேளை கழற்றினீங்க அண்ணே. போலோவில் ஸ்டட்டே கிடையாது, போல்ட்தான். ஸ்பேசர் எத்தனை மில்லியோ அத்தனை மில்லி நீளமான போல்ட் வாங்கியாக வேண்டும். ஒரிஜினல் போல்ட்டையும் டிக்கியில் வைத்திருங்கள். ஸ்டெப்னி மாட்டும்போது ஸ்பேசர் இல்லாமல் நீள போல்ட்டை முறுக்கினால் முனை ஹப்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு போய் எதிலாவது இடிக்கும்.

என் தலைவலி வேற. சேலம் பைபாஸில் தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறும். பேலன்சிங் செய்து செய்து அலுத்துப் போச்சு. கடைசியில் பார்த்தால், போட்டிருந்தது வெறும் தட்டையான ஸ்பேசர். ஹப்பின் நடு விளிம்பை அது மூடிவிட்டதால் சக்கரம் போல்ட்டை மட்டுமே நம்பி நின்றிருக்கிறது, மையம் பிசகியிருக்கிறது. போலோ ஹப்பின் நடு விளிம்பு 57.1 மி.மீ. விட்டம்; வெளி அலாய்களில் நடு ஓட்டை பெரும்பாலும் 73.1. நடுவில் விளிம்பு உள்ள ஸ்பேசரும் அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கேற்ற ஹப் ரிங்கும் போட்ட பிறகு உதறல் நின்றது.

பட்டறை, மதுரை:
தம்பிகளா, எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் ஸ்பேசர் வாங்காதீங்க. ஸ்போக் உரசினால் ஸ்பேசர் உதவும். ரிம்மின் உள்வட்டம் காலிப்பரின் மேல்முதுகில் உரசினால் எத்தனை மில்லி தள்ளினாலும் பெரும்பாலும் பிரயோசனம் இல்லை, பெரிய ரிம்தான் வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் வண்டிகளில் இருப்பது ஃப்ளோட்டிங் காலிப்பர், அதாவது பக்கவாட்டில் நகரக்கூடியது. பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். வெளி பேட் தேயத் தேய காலிப்பர் உள்ளே நகர்ந்து, ஸ்போக்கோடு உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகும். புது பேட் போட்டதும் அது பழையபடி வெளியே வந்து நிற்கும். என்னிடம் ஒருத்தர் பேட் மாற்றிக்கொண்டு போனார், தெருமுனை தாண்டவில்லை, “என்னண்ணே பண்ணி வச்சீங்க, கிர்ருங்குது” என்று திரும்பி வந்தார். தேய்ந்த பேடை வைத்து அளந்து அலாய் மாட்டியிருக்கிறார்கள், மாட்டினது யாரோ, திட்டு எனக்கு! அளப்பதாக இருந்தால் புது பேடோடு அளங்கள். காலிப்பர் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, சக்கரத்தை மாட்டி மெதுவாகச் சுற்றிக் கழற்றுங்கள். மிச்சம் நிற்கும் களிமண்ணின் கனம்தான் உங்கள் இடைவெளி. உள்பக்கம் ஒட்டுகிற பேலன்ஸ் வெயிட்டும் காலிப்பரில் தட்டும், அதையும் பாருங்கள்.

ஸ்விஃப்ட், ஈரோடு:
நன்றிண்ணே. என் பேட் பாதிக்கு மேல் தேய்ந்துதான் கிடக்கிறது. அப்படியென்றால் அந்த அஞ்சு மில்லியே போதுமா என்பதும் சந்தேகம்தான். புது செட் போட்டுக் களிமண் வைத்துப் பார்த்துவிட்டு அளவைச் சொல்கிறேன். ஸ்பேசர் தேவையே இல்லாத வேறு அலாய்க்கு மாற்றித் தருவாரா என்று கடையிலும் கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் ஹப் ஸ்டட்டைப் பிரஸ்ஸில் வைத்து ஒழுங்காக மாற்றித் தருகிற பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்; சுத்தியலால் அடித்து இறக்குகிற இடம் வேண்டாம்.