மழை வந்தாலே நத்தை: தோட்டத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பவழமல்லி, சென்னை

ஆப்பிரிக்க நத்தை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்தால் யார் வீட்டுத் தோட்டத்துக்கும் வந்துவிடுகிறது. அது கத்தரியைக் கடித்ததும் கீரைப் பாத்தியை மொட்டையடித்ததும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரே ஒரு ராத்திரிதான் உறுத்துகிறது.

கரண்ட் போயிருந்தது. ஃபேன், மோட்டார் எதுவும் ஓடாததால் தெருவே அடங்கிக் கிடந்தது. மழை விட்டுக் கொஞ்ச நேரம் இருக்கும். பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சுவர்ப்பக்கம் மெல்லிசாகச் சுரண்டுகிற சத்தம். எலி என்று நினைத்து டார்ச் அடித்தேன். காம்பவுண்டுச் சுவர் முழுக்க நத்தை. தீபாவளிக்காக வெள்ளையடித்த சுவர் அது. ஒவ்வொன்றும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறது. குச்சியால் ஒன்றைத் தொட்டேன். கொம்பை இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவை எதையும் கண்டுகொள்ளாமல் தின்றுகொண்டே இருந்தன. ஓடு வளர அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம், பிறகு படித்தேன். படித்து என்ன செய்ய, அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அத்தை மட்டும் "வெள்ளையடிச்ச காசு போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

சாமந்தி அப்பா, கோவை

எனக்கு நத்தையைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் மறக்கவில்லை. ஒரு பை கல்லுப்பை எடுத்துவந்து மதில் மேலே நீளத்துக்குத் தூவினார். மதிலுக்கு இந்தப் பக்கம் என் சாமந்தி நாற்று. அவர் தூவி முடிக்கவும் மதிலில் இருந்த நத்தைகள் நுரை தள்ளிக்கொண்டு ஒவ்வொன்றாக என் பாத்தியில் விழ ஆரம்பித்தன. என் மகள் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அது கத்தாதா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி மழை. உப்பெல்லாம் கரைந்து இந்தப் பக்கம் இறங்கியது. அந்த வாரமே நாற்று ஓரம் கருகிப் போய்விட்டது. கேட்டதற்கு, "சுவர் என்னுது சார், மழை என்னுதா?" என்கிறார். நத்தை இப்போதும் வருகிறது.

மண்வெட்டி, திருச்சி

சாமந்தி அப்பா சார், உப்பைக் குறை சொல்லாதீர்கள். உப்பு சரிதான், போட்ட இடம்தான் தப்பு. மண்ணில் போட்டால் செடி போகும். வாளியில் போட்டால் நத்தை மட்டும் போகும்.

என் கதை சின்னது. நல்ல சித்திரை வெயில். முருங்கை மரத்தடியில் அடுக்கியிருந்த பழைய செங்கல்லைப் பிரித்தேன். உள்ளே நத்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஓட்டு வாயை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு. செத்த ஓடு என்று ஒன்றைக் கழுவுகிற தொட்டியில் போட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டி விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது! அவ்வளவுதான் கதை.

ஆனால் இதிலிருந்து ஒன்று புரிந்துகொள்ளுங்கள். மழை வந்தால் நத்தை வருகிறது என்பது தப்பு. அது உங்கள் வீட்டிலேயே படுத்திருக்கிறது, மழைக்கு எழுந்திருக்கிறது. அதனால் வேட்டையைக் கோடையில் ஆரம்பியுங்கள். செங்கல் அடுக்கு, உடைந்த தொட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம், வாழைச் சருகு, எல்லாவற்றையும் புரட்டுங்கள். மழைக்காலத்தில் சாயங்காலம் கோணிச்சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் கழிவோ வைத்துவிடுங்கள். விடிகாலையில் சாக்கைத் தூக்கினால் கொத்தாகக் கிடைக்கும். வெறும் கையால் தொடவே கூடாது. எலியின் நுரையீரலில் வாழ்கிற ஒரு புழு இந்த நத்தைக்குள்ளும் வளரும். மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளையுறையில் அழற்சி வரும். கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கீரையைச் சமைக்காமல் தின்னாதீர்கள், அலசி அலசிக் கழுவுங்கள். பொறுக்கியதை உப்புக் கரைசல் வாளியில் போட்டு, செத்த பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். உப்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றாதீர்கள், சாக்கடையில் ஊற்றுங்கள். இன்னொன்று, செடிக்குச் சாயங்காலம் தண்ணீர் விடுகிற பழக்கத்தை விடுங்கள். ராத்திரி முழுக்க ஈரம் இருந்தால் அதற்கு விருந்து. காலையில் விடுங்கள், மேல் மண் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். மூடாக்கு போடுகிறவர்கள் மழை நின்று வெயில் அடிக்கும் வரைக்குமாவது செடியின் தண்டைச் சுற்றி இலைதழை இல்லாமல் விலக்கி வையுங்கள். தொட்டி விளிம்பில் செம்புப் பட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எதற்கும் அசையாவிட்டால் கடையில் நத்தைக்கான குருணை மருந்து கிடைக்கும்.

ஜிம்மி வீடு, மதுரை

மண்வெட்டி அண்ணா, கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தக் குருணையைத்தான் குரோட்டன்ஸ் அடியில் போட்டிருந்தார்கள். மெட்டல்டிஹைடு. நத்தையை இழுப்பதற்காகத் தவிட்டு வாசனையோடு செய்வார்கள், நாய்க்கும் அது பிடிக்கும். எங்கள் ஜிம்மி கேட் சந்தில் நுழைந்து தின்றிருக்கிறது. வீட்டுக்குள் வந்து படுத்தது, காது மட்டும் முதலில் துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று விசிறினேன். அப்புறம் முகம், அப்புறம் நாலு காலும். உடம்பு அனலாகக் கொதித்தது. ஈரத்துணியைப் போட்டு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் அது தூக்கத்தில் காதை ஆட்டினால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாய், பூனை, தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். இரும்பு பாஸ்பேட் கலந்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள், அது அவ்வளவு ஆபத்தில்லை. எது வாங்கினாலும் அட்டையைப் படிக்காமல் தூவாதீர்கள்.

பச்சைக்கம்பளம், ஓசூர்

எல்லோரும் காய்கறிப் பாத்தி பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு வாசலில் கொரியன் புல்தரை. மழைக்காலத்தில் அது வளர்கிற வேகத்துக்கு வெட்டித்தான் ஆகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் வந்ததே என்று மெஷினை இறக்கினேன். டொக்கென்று ஒரு சத்தம், கல் என்று நினைத்தேன். அடுத்த டொக்குக்கு ஓட்டுச் சில்லு ஒன்று பறந்து வந்து கார் கண்ணாடியில் ஒட்டியது, சளியோடு. மெஷினைக் கவிழ்த்து பிளேடைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இனி விவரிக்க மாட்டேன். சாப்பிடுகிற நேரம்.

அந்தப் புல்லும் அதே மாதத்தில் அங்கங்கே வட்ட வட்டமாகப் பழுத்துவிட்டது. நத்தை புல்லையும் விடாது போல.

வேப்பம்பூ, சேலம்

பச்சைக்கம்பளம், நத்தை மேல் எல்லாப் பழியையும் போடாதீர்கள். வட்ட வட்டமாகப் பழுத்தால் அது நத்தை வேலை இல்லை. நத்தை தின்றால் இலையில் ஓட்டை இருக்கும், காய்ந்த சளிக்கோடு மினுங்கும். பழுத்த இடத்துப் புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் அப்படியே உரிந்து வந்தால் அடியில் வேர்ப்புழு இருக்கிறது. வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும், தலை மட்டும் பழுப்பு. இழுத்தும் வரவில்லை, அடிப்புல் கொழகொழவென்று இருக்கிறது என்றால் பூஞ்சை. மழையில் தண்ணீர் தேங்கினால் வரும்.

வேர்ப்புழுவை இப்போது விரட்டுவது கஷ்டம். அதன் தாய் வண்டு கோடை மழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பி, பொழுது சாய்ந்ததும் வேப்ப மரத்தில் இலை தின்ன உட்காரும். அப்போது கிளையை உலுக்கி, கீழே விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடவேண்டும். எங்கள் சித்தப்பா கடலைக் காட்டுக்கு அப்படித்தான் செய்வார். கடலைக்கு ஒரு நியாயம், புல்லுக்கு ஒரு நியாயமா?

சரி, சொல்ல வந்தது என் நத்தைக் கதை. அதை மறந்தே போய்விட்டேன், பிறகு எழுதுகிறேன்.

தாம்பரத்தான்

எங்கள் பகுதிக்கு இது 2015 வெள்ளத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் நான் பார்த்ததே கிடையாது. வெள்ளம் வடிந்த மறுவாரம் மாடிப்படிக் கைப்பிடியில் கை வைத்தேன், உள்ளங்கையளவுக்கு ஒன்று. அன்றிலிருந்து இருட்டில் கைப்பிடியைத் தொடுவதில்லை.

கொல்லைப்புறம், கும்பகோணம்

தாம்பரத்தான், உங்கள் தெருவுக்கு வெள்ளத்தில் வந்திருக்கலாம். நாட்டுக்கு வந்து ரொம்ப காலம் ஆகிறது. 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர், சங்கு நத்தை ஆராய்ச்சிக்காரர், மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்துதான் பரவியது. மணல் லாரி, நர்சரித் தொட்டி, வாழைக்கன்று என்று நாமே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் உண்டு, எல்லாமே முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு.

எனக்கு உறுத்துவது நத்தை இல்லை, ஒரு செம்போத்து. கொல்லையில் ஒரு பெரிய நத்தையைக் கவ்விக் கொண்டுவந்து, துணி துவைக்கிற கல்லில் அடித்து உடைத்துத் தின்னும். தினமும் அதே கல். நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்குப் புதரையெல்லாம் ஜேசிபி வைத்து வழித்தார்கள். அது வருவது நின்றுபோனது. அந்த வருஷம் எங்கள் கொல்லையில் தக்காளி என்று ஒன்று தலையெடுக்கவில்லை.

தோவாளைக்காரி, நாகர்கோவில்

நான் பார்த்ததைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. ராத்திரி பிச்சிச் செடி அடியில் பச்சையாக ஒரு வெளிச்சம். மின்மினி என்றால் அணைந்து அணைந்து எரியும், இது அணையவே இல்லை. குனிந்து பார்த்தால் ஒரு நத்தை ஓடு. அதன் வாய்க்குள்ளே தலையை விட்டுக்கொண்டு கறுப்பாக, கட்டம் கட்டமான உடம்போடு ஒரு புழு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் மட்டும் ஒளிர்கிறது. நத்தை உள்ளே இன்னும் அசைந்தது. மின்மினியின் குட்டிப்புழுதான் அது, நத்தையைக் கடித்து மயக்கித் தின்னும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், கொசு கடித்ததுகூடத் தெரியவில்லை.

அதனால் மருந்து அடிக்கிறவர்களே, அடிக்கிறதற்கு முன்னால் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தோட்டத்தைப் பாருங்கள்.

மாடிவீட்டு முருகேசு, சென்னை

நான் இருப்பது மூன்றாவது மாடி. நத்தை எப்படி வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறம் ஐயா நர்சரித் தொட்டி என்றதும் பளிச்சென்று புரிந்தது. போன ஆவணியில் வாங்கிய ரோஜாவைப் பெரிய தொட்டிக்கு மாற்றியபோது மண்ணுக்குள் வெளிர்மஞ்சளாக ஜவ்வரிசி மாதிரி குவியலாக இருந்தது. நர்சரிக்காரரிடம் போனில் கேட்டேன். "உரக்குருணை சார், மெதுவா கரையும், அப்படியே விடுங்க" என்றார். நானும் மண்ணைப் போட்டு மூடி, தண்ணீர் விட்டேன்.

அந்த ரோஜாவில் இன்றைக்கு ஒரு இலை இல்லை.

சாமந்தி அப்பா, கோவை

முருகேசு சார், எந்த நர்சரி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பேரை இங்கே போட வேண்டாம், சண்டை வரும். எங்கள் வீட்டுக்கும் நாளைக்கு ஆறு ரோஜா வருகிறது.

மண்வெட்டி, திருச்சி

வந்ததும் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள் சார். முட்டை இருந்தால் பொறுக்கி நசுக்கிவிடுங்கள், வேரைக் கழுவிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணைக் கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள், அதனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஜிம்மி வீட்டம்மா, குருணை வரியை அழிக்கப் பார்த்தேன், திருத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.