மேல் மஞ்சள், கீழ் ஊதா: இந்தப் பழைய ஐரிஸின்ரை பேர் என்ன?

முருங்கைப்பூ (ஸ்காபரோ):
போன ஒக்டோபரிலை வாங்கின வீட்டுப் பின்வளவிலை, வேலியோரம் வாள் மாதிரி இலை விசிறி விசிறியா நிண்டது. மாமி புல்லெண்டு பிடுங்கப் போனவ, நான்தான் மறிச்சனான். ஜூன் முதல் கிழமை பூத்திட்டுது. தாடி ஐரிஸ்! மேல் இதழ் மூண்டும் வெளிர் மஞ்சள், தொங்கிற மூண்டும் கடும் ஊதா, அதுகளிலை மயிர் மாதிரி நிக்கிற தாடி மஞ்சள். தண்டு இரண்டரை அடி வரும். ஒண்டுதான் விளங்கேல்லை. மஞ்சள் இதழிலை நாவற்பழச் சாறு தெறிச்ச மாதிரி ஊதாத் திட்டு. ஒரு பூவிலை பாதி இதழுக்குக் கிடக்கு, பக்கத்துப் பூவிலை ஒரு பொட்டுத்தான். படம் போட்டிருக்கிறன். நோயோ? கிண்டி எறியவோ?

பனித்தோட்டம்:
மேல் மஞ்சள், கீழ் கருமை எண்டால் ஒனறாபில் எண்ட வகை. 1840, பிரான்சிலை லேமோன் எண்டவர் உருவாக்கினது. என்னட்டையும் நிக்குது.

கிழங்குக்காரன் (ஹமில்ட்டன்):
தம்பி, ஒனறாபிலின்ரை கீழ் இதழ் ஊதா இல்லை, செங்கபிலம். பூவும் சின்னன்.
தங்கச்சி, எறிஞ்சுபோடாதேங்கோ. அந்தத் திட்டு லோறலை எண்ட பழைய வகையின்ரை பிறவிக் குணம். 1909இலை ஜேர்மனியிலை கூஸ் அன் கோனமான் பண்ணை வெளியிட்டது. ஒரு பூ மாதிரி மற்றது இராது. கீழ் இதழைச் சுத்தி வெளிறின கரை இருக்கோ எண்டு பாருங்கோ. உங்கடை படத்திலை தெரியேல்லை, வெயிலுக்கை எடுத்தால் ஃபோன் ஊதாவை நீலமாக்கிப் போடும். நிழலிலை, பக்கவாட்டா, கிளை தெரிய எடுங்கோ.

முருங்கைப்பூ:
அண்ணை, பொறுக்கேலாமல் மழைக்குள்ளையே ரோச் லைற்றோடை போய்ப் பார்த்தனான். கரை இருக்கு! சேலைக் கரை மாதிரி, ஆனால் நகத்து விளிம்பளவுதான். தாடிக்குப் பக்கத்திலை வெள்ளை நரம்பு கோடு கோடா ஓடுது.

கிழங்குக்காரன்:
அப்ப பெரும்பாலும் அதுதான். எண்டாலும் பேர்த்துண்டிலை "லோறலை போல" எண்டு எழுதி வையுங்கோ. மேல் மஞ்சள், கீழ் கருமை எண்டு பழசுகள் கனக்க இருக்கு, ஐரிஸ் வேரியகாட்டா எண்ட காட்டுச் செடியிட்டை இருந்து வந்த சாயல். பேர் உறுதியான கிழங்கொண்டைப் பக்கத்திலை நட்டு, பூக்கிற கிழமை, உயரம், கிளை, மணம் எல்லாம் ஒத்துப் பார்க்கவேணும். ஓகஸ்டிலை பிரிக்கலாம். கிழங்கின்ரை முதுகு வெயில் காயிற மாதிரி நடுங்கோ, ஆழப் புதைச்சால் அழுகிப்போம்.

முருங்கைப்பூ:
புல்லெண்ட மாமி இண்டைக்கு ஒரு தண்டை வெட்டிச் சாமிப் படத்துக்கு வைச்சிட்டா. வேலியோரம் ஏழு விசிறி நிக்குது. ஓகஸ்டிலை ஹமில்ட்டன் பக்கம் வந்தால் உங்களுக்கு ஒண்டு கொண்டாறன்.