இசட் ஸ்கோர் 1.70-ஆ, 1.90-ஆ? 66 ஏன் 3-ஐத் தொடவே இல்லை?

திருவொற்றியூர் மாணவி:
திருவொற்றியூர்–பிராட்வே பஸ் பயண நேரம், ஐந்து நாள், நிமிடத்தில்: 42, 45, 47, 50, 66. சராசரி 50. 66-இன் இசட் ஸ்கோர் எக்ஸலில் 1.90, கால்குலேட்டரில் 1.70. எது சரி? 66 தனித்து நிற்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் இசட் ஸ்கோர் 3-ஐத் தாண்டினால்தான் அவுட்லையர் (மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் எண்) என்கிறார்களே?

தண்டையார்பேட்டை புள்ளியியல்:
இசட் ஸ்கோருக்கு மதிப்பிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால், அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுப்பது இரண்டிலும் ஒன்றுதான். திட்டவிலக்கத்தில்தான் வித்தியாசம். விலகல்கள் −8, −5, −3, 0, 16. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 354. அதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 8.41, 4-ஆல் வகுத்தால் 9.41. 16-ஐ இவற்றால் வகுத்தால் முறையே 1.90, 1.70.

உங்களிடம் இருப்பது எல்லா நாள் கணக்கும் இல்லை, ஐந்து நாள் மாதிரி. அதனால் 4-ஆல் வகுப்பதே பொருத்தம். எக்ஸலில் 'பி' என்று முடியும் ஃபார்முலாவை விட்டு 'எஸ்' என்று முடிவதைப் போடுங்கள்.

ராயபுரம் டேட்டா:
3-ஐத் தொடாததற்குக் காரணம் 66 இல்லை, வெறும் ஐந்து எண்கள் இருப்பதுதான். மாதிரித் திட்டவிலக்கத்தை வைத்துப் பார்த்தால் இசட் ஸ்கோர் (n−1)/√n-ஐத் தாண்டவே முடியாது, n என்பது எத்தனை எண்கள் என்பது. n ஐந்தானால் உச்சம் 1.79. 66-க்குப் பதில் 6,600 போட்டாலும் அதற்குள்தான், ஏனென்றால் அந்த எண்ணே சராசரியையும் திட்டவிலக்கத்தையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. பத்து எண்களுக்கும் 2.85 வரைதான். பதினொன்று இருந்தால்தான் 3-ஐத் தாண்ட வழியே உண்டு. இதைச் சொல்லாமல் '3 விதி'யை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது அநியாயம்.

சிறிய மாதிரிக்குச் சராசரியை விட்டு இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள். இங்கே 47. அதிலிருந்து விலகல்கள், குறியை விட்டுவிட்டால்: 5, 2, 0, 3, 19. இவற்றின் இடைநிலை 3. பிறகு 0.6745 × 19 ÷ 3 = 4.27 (0.6745 என்பது இதை இசட் ஸ்கோர் அளவுக்குக் கொண்டுவரும் நிலையான எண்). இந்த முறைக்கு வழக்கமான எல்லை 3.5, 66 மாட்டிக்கொண்டது.

திருவொற்றியூர் மாணவி:
நன்றி சார். அப்படியானால் 1.70-க்கு இசட் அட்டவணையில் 0.9554 பார்த்து, 95.5% நாட்களில் 66 நிமிடத்துக்குள் போய்விடலாம் என்று எழுதலாமா?

தண்டையார்பேட்டை புள்ளியியல்:
எழுதாதீர்கள். அது இயல்நிலைப் பரவலுக்கான, அதாவது இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவப் பரவலுக்கான, அட்டவணை. பஸ் நேரம் ஓரளவுக்குக் கீழே குறையாது. ஆனால் கன்டெய்னர் லாரி வரிசை நின்றால் மேலே எவ்வளவும் போகும், வால் வலப்பக்கம் நீளும். இசட் ஸ்கோராக மாற்றினாலும் அந்த வடிவம் அப்படியேதான் இருக்கும். பரீட்சையில் 'இயல்நிலை' என்று கொடுத்திருந்தால் மட்டும் அட்டவணைக்குப் போங்கள். சில புத்தகங்களில் 1.70-க்கு 0.4554 இருக்கும், அது நடுவிலிருந்து அளந்தது, 0.5 கூட்டிக்கொள்ள வேண்டும்.